சவரக்கத்தியா, சேஃப்டி ரேசரா? அம்மாப்பேட்டை சலூன்காரர் பதில்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் எனக்கு சலூன். அப்பா காலத்துக் கடை. வருகிறவர்களுக்குப் பாதி பிளேடு மாட்டும் கத்தி, எனக்கு மட்டும் அப்பா விட்டுப்போன மடக்குக்கத்தி, அதாவது பிளேடு மாட்டாமல் தீட்டித் தீட்டிப் பிடிக்கும் அசல் சவரக்கத்தி. இதைத் தெரிந்துகொண்டு ஒரு மாதமாக ஆளாளுக்குக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில்.

அண்ணா, இப்போது கார்ட்ரிட்ஜ் ரேசர்தான். நேரே மடக்குக்கத்திக்குப் போய்விடலாமா? (ஐந்து ரோடு)

வேண்டாம் தம்பி. நடுவில் மூன்று மாதம் சேஃப்டி ரேசர், ஒற்றை பிளேடு மாட்டுகிற அது, பிடியுங்கள். கார்ட்ரிட்ஜ் உங்களுக்கு அழுத்திப் பழக்கிவிட்டிருக்கும். சேஃப்டி ரேசரில் அழுத்தினால் ஒரு பொட்டு ரத்தத்தோடு போகும், கத்தியில் அப்படி விடாது. இன்னொன்று, உங்கள் முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும். கழுத்தில் பலருக்கு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளரும். இரண்டு நாள் தாடியை விரலால் நாலு பக்கமும் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் சொரசொரக்கிறதோ அது எதிர்ப்பக்கம். கத்தி எடுத்தபின் முதல் இரண்டு வாரம் இரு கன்னங்கள் மட்டும், அதுவும் முடி படுத்த பக்கமே. மீதியைச் சேஃப்டி ரேசரில் முடியுங்கள். அப்புறம் தாடை. மோவாயும் மேல் உதடும் கடைசி.

பாதி பிளேடு கத்தி மலிவாகக் கிடைக்கிறது. அதில் பழகிக்கொண்டு அசல் கத்தி வாங்கினால் என்ன? (கொண்டலாம்பட்டி)

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இது தலைகீழ் வழி. பிளேடு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம்தான். அதை மாட்டும் கத்தியோ எடையே இல்லாத தகரம். மூலை இரண்டும் ஊசி. கை கொஞ்சம் சாய்ந்தால் இறங்கிவிடும். அசல் கத்திக்கு முதுகு உண்டு, எடை உண்டு, வாரில், அதாவது தீட்டும் தோல்பட்டையில், தீட்டிய முனை தோலோடு கொஞ்சம் ஒத்துப்போகும்.

நான் கற்றது அசல் கத்தியில். ஊதிய பலூனில் நுரை தடவி வழிக்கச் சொல்வார் அப்பா. வெடித்தால் அன்று டீ கிடையாது. பலூன் கையை லேசாக்கும், ஆனால் தோலை இழுத்துப் பிடிக்கச் சொல்லித்தராது. வேலையில் பாதி அந்த இடது கையில்தான். தொண்ணூறுகளில் எய்ட்ஸ் பயம் பரவிய பிறகு ஆளுக்கொரு பிளேடு என்று கடையில் மாறினோம். பத்து வருடத்துக்கு மேல் கத்தி பிடித்த அப்பாவே முதல் வாரம் இரண்டு பேருக்குக் கீறல் போட்டார். கடைக்கு அது சரியான மாற்றம்தான், ஒருவர் முகத்தில் பட்ட முனை அடுத்தவர் முகத்தில் படக்கூடாது. வீட்டில் ஒரே ஆளுக்கு அந்தக் கவலை இல்லை.

தாத்தாவின் கத்தி பரணில் கிடைத்தது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கலாமா ஐயா? (வாழப்பாடி)

கொடுத்துவிடாதீர்கள்! அவர் தொழிலில் குறை இல்லை, அரிவாளுக்கும் கத்தரிக்கும் அவர்தான் சரி. ஆனால் சுற்றும் சக்கரத்தில் இவ்வளவு மெல்லிய முனை நொடியில் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போயிற்று, அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. முதலில் வெளிச்சத்தில் முனையைப் பாருங்கள். முதுகில் துரு இருந்தால் பரவாயில்லை. முனையிலேயே குழி விழுந்திருந்தால் நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நல்லதாக இருந்தால் தட்டையான தண்ணீர்க் கல் (எண் கூடக்கூடக் கல் நுண்மை): 1000, பிறகு 4000 அல்லது 5000, பிறகு 8000. முதுகும் முனையும் ஒரே நேரத்தில் கல்லில் படுத்திருக்க வேண்டும். கோணத்தை அந்த முதுகே பார்த்துக்கொள்ளும், நீங்கள் தூக்காமல் இருந்தால் போதும்.

தினமும் வாரில் தீட்டியே ஆகவேண்டுமா? (சூரமங்கலம்)

ஆமாம், சவரத்துக்கு முன் முப்பது நாற்பது முறை. கத்தி கற்க வருகிறவர்கள் முகத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். விட்டுவிட்டுப் போகிறவர்கள் இந்த வாரால்தான் போகிறார்கள். முதுகு முன்னே போக, முனை பின்னால் இழுபட வேண்டும். கடைசியில் முதுகின் மேலேயே புரட்டித் திரும்புங்கள். முனையின் மேல் புரட்டினால் வாரும் போச்சு, கூரும் போச்சு. வார் தொய்ந்தால் முனை மழுங்கும். சேஃப்டி ரேசர் கம்பெனி கில்லெட் 1903இல் கடைவிரித்தபோது முதல் ஆண்டில் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. பிறகு உலகமே அந்தப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வெட்டுக்காயப் பயம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தீட்டாமல் தூக்கிப் போடலாம் என்ற சுகம் பெரிது.

எங்கள் கொலுசுப் பட்டறை மெருகுக் கட்டியை வாரில் தேய்க்கலாமா? (செவ்வாய்ப்பேட்டை)

வெள்ளிக்கு வைத்த கட்டியில் மெழுகும் இருக்கும், பொடியும் ஒரே சீராக இருக்காது. தினசரி வாரில் வேண்டாம். குரோமியம் ஆக்சைடு, அந்தப் பச்சைப் பொடி, தனியாக ஒரு துணி வாரில் தடவி மாதம் ஒருமுறை பத்து இழுப்பு போதும்.

ஏற்காட்டில் இருக்கிறோம். பனி மாதத்தில் கத்தி துருவேறுகிறது. தேங்காய் எண்ணெய் போடுகிறேன். (ஏற்காடு)

1500 மீட்டருக்கு மேலே உங்கள் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்து கட்டியாகத்தானே இருக்கும்? 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பித்துவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதைவிட முக்கியம் துடைப்பது. கழுவியதும் மெல்லிய துணியால் முதுகிலிருந்து முனைப் பக்கம் ஒற்றி எடுத்து, அரைமணி திறந்தே வைத்து, பிறகு மடக்குங்கள். குளியலறையில் வைக்காதீர்கள். இதெல்லாம் சலிப்பாக இருந்தால் சேஃப்டி ரேசர் போதும். பிளேடு துருப்பிடித்தால் இன்னொன்று மாட்டிக்கொள்ளலாம்.

நம்மூர் உருக்காலை ஸ்டெயின்லெஸ்ஸில் ஒரு கத்தி அடித்துத் தரச் சொல்லலாமா? (அஸ்தம்பட்டி)

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பாத்திரக் கடையில் 304 என்று விற்கும் ரகம் காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது. சவரக்கத்திக்கு நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கார்பன் உள்ள எஃகு வேண்டும். சேலத்து இரும்புக்குப் பழைய பெருமை உண்டு. 1830களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் நடத்திய ஆலைக்கு இங்கிருந்துதான் தாது போனது.

போர்த் தண்ணீரில் நுரையே வரவில்லை. (ஓமலூர்)

உப்புத் தண்ணீர். மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் பிடித்து வையுங்கள், சவரத்துக்கு ஒரு டம்ளர் போதும்.

மொத்தச் செலவு? (ஆத்தூர்)

கத்தி, வார், கல் சேர்த்தால் ஐந்தாறாயிரத்துக்குக் குறையாது. மிச்சம் பிடிக்க நினைத்தால் சேஃப்டி ரேசர்.

வீட்டுக்காரர் கத்தி ஆர்டர் போட்டுவிட்டார். சர்க்கரை இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுகிறார். பயமாக இருக்கிறது அண்ணா. (அழகாபுரம்)

பயப்படுவது சரிதான் அம்மா. சிறு கீறலும் அவருக்குச் சீக்கிரம் நிற்காது, ஆறவும் நாளாகும், படிகாரக் கல்லை நம்ப முடியாது. டாக்டரைக் கேட்காமல் பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால் கடைக்கு அனுப்புங்கள், பலூன் ஒன்று வைத்திருக்கிறேன்.