வத்தலக்குண்டில் நனையாத படுக்கை

கேள்வி: நான் மலையடிவாரத்து வத்தலக்குண்டில் பிறந்து வளர்ந்தவள், வாழ்க்கைப்பட்டு வந்தது கொடைக்கானல் மலையில், பூம்பாறைப் பக்கம். மகனுக்கு ஐந்தரை வயது, யூகேஜி போகிறான். வாரத்தில் நாலைந்து ராத்திரி இன்னும் படுக்கையை நனைக்கிறான். ஐப்பசியில் பிடித்த மழையும் மஞ்சும் விட்டபாடில்லை. போர்வை காய மூன்று நாள் ஆகிறது, மெத்தை காய்வதே இல்லை. அடுப்படியில் நெருப்போடு விளையாடுவதால்தான் இப்படி என்கிறார் மாமியார். மே மாதம் என் அம்மா வீட்டில் பத்து நாள் இருந்தோம், இரண்டே நாள்தான் நனைத்தான். "அங்கே ஒழுங்கா இருக்கான்ல, இங்கே வேணும்னே செய்யிறான்" என்கிறார் கணவர். போன வாரம் கோபத்தில் ஈரப் போர்வையை அவன் தோளில் போட்டு வாசலில் நிற்க வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து தூங்கவே பயப்படுகிறான். தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம், வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருப்பார்கள். என்ன செய்வது?

பதில்: கல்யாணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், முதலில் அந்த வாசல் விஷயம். அதை எழுதாமல் மறைத்திருக்கலாம், எழுதியிருக்கிறீர்கள், அதனால் உங்களைத் திட்டப் போவதில்லை. ஆனால் அதைச் சரி செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பிரயோசனம் இல்லை. இன்றைக்கே, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள்: "அன்னைக்கு அம்மா செஞ்சது தப்பு. நீ வேணும்னு செய்யலை. இனிமே அம்மா அப்படிச் செய்ய மாட்டேன்." அவ்வளவுதான். "ஆனா நீயும் கொஞ்சம்" என்று வால் சேர்த்தால் சொன்னது அத்தனையும் வீண். பொம்மை வாங்கித் தருவதும் வேண்டாம். சிரித்த பிள்ளைகளின் அம்மாக்களிடம் நீங்களே போய் இரண்டு வார்த்தை பேசிவிடுங்கள், அதை அவன் தலையில் கட்டாதீர்கள்.

இப்போது உங்கள் கணவர் காட்டும் சாட்சிக்கு வருவோம். கீழே இரண்டு நாள், மேலே வாரம் நாலைந்து நாள், அதனால் பையன் வேண்டுமென்றே செய்கிறான் என்கிறார். ஒரு நிமிஷம் யோசியுங்கள், பிள்ளை அதே பிள்ளை, மாறியது ஊர். மே மாதத்து வத்தலக்குண்டில் அந்தப் பிள்ளை பகலெல்லாம் விளையாடி வேர்த்து ஊற்றியிருப்பான், குடித்த தண்ணீரில் பாதி சட்டையிலேயே போயிருக்கும். உங்கள் ஊரில் வேர்வைக்கு எங்கே போவது? அது மட்டுமில்லை, குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்தம் உள்பக்கம் கூடுகிறது, சிறுநீரகம் அதைத் தண்ணீர் மிஞ்சியதாக எடுத்துக்கொண்டு கூடுதலாகச் சிறுநீரை இறக்குகிறது. சீசனில் கீழேயிருந்து வந்து கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற பெரிய ஆட்கள் முதலில் எதைத் தேடி ஓடுகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். அவர்களை யாரும் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று சொல்வதில்லை.

ஐந்தரை வயதுப் பிள்ளையின் மூத்திரப்பை ஏறக்குறைய 200 மில்லி பிடிக்கும். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால் வருகிற கணக்கு அது, அதாவது ஒரு பெரிய டம்ளர். ராத்திரியில் சிறுநீர் குறைவாகச் சுரக்க மூளையிலிருந்து வாசோபிரசின் என்று ஒரு ஹார்மோன் வருகிறது. சில பிள்ளைகளுக்கு அது ராத்திரியில் போதுமான அளவு வரச் சில வருஷம் கூடுதலாகப் பிடிக்கும். அதுவரை ஒரு டம்ளர் கொள்ளும் பையில் ஒன்றரை டம்ளர் சேரும், பை நிறைந்ததை மூளைக்குச் சொல்லி எழுப்பும் வேலையும் இன்னும் பழகியிருக்காது, பிள்ளை அடித்துப் போட்டதுபோல் தூங்குவான். இதில் சோம்பேறித்தனம் எங்கே இருக்கிறது, வேண்டுமென்று செய்வது எங்கே இருக்கிறது? ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் இப்படித்தான், பையன்களில் கூடுதல். உங்கள் மகன் வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் இன்னும் மூன்று நாலு வீட்டில் இதே போர்வை இதே கொடியில் தொங்குகிறது, யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். வைத்தியம் எதுவும் பார்க்காமலே வருஷத்துக்கு நூற்றில் பதினைந்து பேருக்குத் தானாக நின்றும்விடுகிறது.

இன்னொன்று, கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்டது. உங்கள் வீட்டுக் கக்கூஸ் எங்கே இருக்கிறது? அம்மா வீட்டில் படுக்கிற அறையை ஒட்டி, லைட்டோடு இருக்கும் என்று நினைக்கிறேன். மலையில் பல வீட்டில் அது கொல்லையில், நாலு படி இறங்கிப் போகிற இடத்தில். அந்தப் படிக்குப் பக்கத்தில் ராத்திரி காட்டுமாடு நிற்கும். பெரிய ஆளே கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் காலை வெளியே வைக்கிறோம். ஐந்தரை வயசுப் பிள்ளை பாதித் தூக்கத்தில் முட்டிக்கொண்டு வந்தாலும் எழுந்து என்ன செய்வான், திரும்பிப் படுத்துக்கொள்வான். எங்கள் வீட்டிலும் இது நடந்தது. என் மகள் எட்டு வயது வரை நனைத்தாள், நாங்கள் அப்போது பண்ணைக்காட்டில் இருந்தோம். ஒரு ராத்திரி அவள் கதவடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், கேட்டால் "வெளியே மூச்சு விடுது" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மறுநாளே மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, சின்ன ஜீரோ வாட் பல்பும் போட்டோம். என் அம்மா முகம் சுளித்தார், வீட்டுக்குள் வாளியா என்று. காலையில் கழுவிக் கவிழ்ப்பது ஒரு நிமிஷ வேலை, மெத்தையைக் காய வைப்பது மூன்று நாள் வேலை, எது லாபம்? அவள் நனைப்பது அதோடு நின்றுவிடவில்லை, ஆனால் வாரத்தில் பாதியாகக் குறைந்தது.

மாமியார் சொல்கிற நெருப்பு விஷயத்துக்கு வருகிறேன். இது என் பாட்டியும் சொன்னதுதான், நெருப்போடு விளையாடினால் ராத்திரி படுக்கையில் உச்சா போவாய் என்று. பிள்ளைகளை அடுப்புப் பக்கம் போகவிடாமல் வைக்க யாரோ புத்திசாலி கண்டுபிடித்த வார்த்தை என்று நினைக்கிறேன், அந்த வேலையை அது நன்றாகவே செய்தும் வந்திருக்கிறது. அவரோடு வாதாட வேண்டாம். ஆனால் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அவன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எட்டு மணிக்கு எல்லோருக்கும் வரக்காப்பியோ டீயோ வரும், பிள்ளை கையை நீட்டுவான், "குளிருக்கு இதமா ரெண்டு வாய்" என்று யாராவது கொடுப்பார்கள். காப்பியிலும் டீயிலும் இருக்கும் கஃபீன் ஒன்றுக்குப் போவதைக் கூட்டும். சாயங்காலத்துக்கு மேல் அவனுக்கு அது இரண்டுமே வேண்டாம், வெதுவெதுப்பாகக் கொஞ்சம் பால் போதும், அதுவும் ராத்திரிச் சாப்பாட்டோடு.

தண்ணீரைக் குறைக்கிறேன் பேர்வழி என்று நான் செய்த அநியாயத்தை நீங்கள் செய்துவிடாதீர்கள். நாலு மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று சட்டம் போட்டேன், ஒரு நாள் பார்த்தால் பிள்ளை துணி துவைக்கிற குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறாள். குடிக்க வேண்டியதைப் பகலில் குடிக்கட்டும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பாட்டில் காலியாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பல பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் பிடிக்காமல், அங்கே ஐஸ் மாதிரித் தண்ணீரைத் தொடப் பயந்து, பகலெல்லாம் குடிக்காமலும் போகாமலும் அடக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் இரண்டு சொம்பு குடிக்கும். படுக்க ஒரு மணி நேரம் முன்னால் குடிப்பதை நிறுத்தி, படுக்கிற நேரத்தில் ஒருமுறை ஒன்றுக்குப் போகச் சொல்லுங்கள்.

மலச்சிக்கலையும் கவனியுங்கள், இதை யாரும் சேர்த்து யோசிப்பதில்லை. குடலில் இறுகி நிற்கிற மலம் முன்னால் இருக்கும் மூத்திரப்பையை அழுத்தும், பிடிக்கிற அளவு குறையும். குளிரில் பிள்ளைகள் தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் மலையில் இது சகஜம். அவனுக்கு முக்கி முக்கிப் போகிறது என்றால் அதை முதலில் சரி செய்யுங்கள். கீரை, கேரட், பழம் எல்லாம் வாசலிலேயே கிடைக்கிற ஊரில் இருக்கிறீர்கள், மலைவாழை ஒன்று தினமும் உரித்துக் கொடுங்கள், பட்டர் ஃபுரூட் பிடித்தால் அதுவும்.

இனி படுக்கை. உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தில் பையனைவிட மெத்தைதான் அதிகம் அழுகிறது. அது இலவம்பஞ்சு மெத்தையாக இருந்தால் இந்த மழையில் காயவே காயாது, பஞ்சு கட்டி தட்டிப்போய் நாற்றம்தான் மிஞ்சும். சுருட்டிப் பரண்மேல் போட்டுவிடுங்கள். கீழே பாய், அதன்மேல் பழைய கம்பளி, மேலே ஜமக்காளம். அப்புறம் மெடிக்கலில் குழந்தைகளுக்கு விற்கிற ரப்பர் ஷீட் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் ஒரு ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய காட்டன் சேலையை நாலாக மடித்து விரிப்பு, அதற்கு மேல் மறுபடி ரப்பர் ஷீட், மறுபடி சேலை. ராத்திரி நனைத்தானா, மேலே இருக்கிற இரண்டையும் உருவிப் போட்டுவிட்டு, கீழே தயாராக இருக்கிற காய்ந்த சேலையில் அவனைப் படுக்க வைக்கலாம். லைட் போட வேண்டாம், பேச வேண்டாம், இரண்டு நிமிஷத்தில் நீங்களும் தூங்கிவிடலாம். பாதிக் கோபம் தூக்கம் கெடுவதால் வருவதுதான். சேலை ஒரு ராத்திரியில் அடுப்படிக் கொடியில் காய்ந்துவிடும், கனமான போர்வை காயாது, அதனால் போர்வையை அவன் இடுப்புக்கு மேல் மட்டும் போர்த்தி, காலுக்கு சாக்ஸும் கம்பளி பேண்டும் போடுங்கள்.

துணி காய்வதற்காகக் கரி அள்ளிப் போட்ட சட்டியைப் படுக்கிற அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் மலையில் மூடிய அறையில் கரி நெருப்போடு தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போனது உண்டு.

நட்ட நடு ராத்திரியில் தூக்கிக்கொண்டு போய் ஒன்றுக்கு விடலாமா என்று கேட்பீர்கள். நீங்கள் படுக்கப் போகும்போது ஒருமுறை எழுப்பலாம், ஆனால் கண்ணைத் திறந்து, தானே நடந்து போக வேண்டும். தூங்குகிற பிள்ளையைத் தோளில் சாய்த்து வாளிமேல் பிடித்தால் அன்றைக்குப் படுக்கை காயும், பழக்கம் ஒன்றும் வராது. நனைக்காத நாளுக்கு மிட்டாய், ஸ்டார் என்றும் ஆரம்பிக்காதீர்கள், அவன் கையில் இல்லாததற்குப் பரிசு கொடுத்தால் கிடைக்காத நாளெல்லாம் தோற்ற நாளாகிவிடும். படுக்கும் முன் சொல்லாமலே ஒன்றுக்குப் போய் வந்தானா, அதற்குத் தட்டிக்கொடுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு மருந்து இருக்கிறது. சாயங்காலம் மாமியாரோடு உட்கார்ந்து பூண்டு நறுக்கிக் கட்டும்போதோ பட்டாணி உரிக்கும்போதோ, அவர் நல்ல மனநிலையில் இருக்கிற நேரம் பார்த்து, "உங்க மகன் எத்தனை வயசு வரைக்கும் அத்தை?" என்று சும்மா கேளுங்கள். இது வழிவழியாக வருவது. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சின்ன வயதில் இருந்திருந்தால் பத்தில் நாலு பிள்ளைகளுக்கு மேல் வருகிறது, இரண்டு பேருக்கும் இருந்திருந்தால் பத்தில் ஏழுக்கு மேல். அத்தை சிரித்துக்கொண்டே ஏதாவது சொன்னாரென்றால் அதை உங்கள் கணவர் காதில் போடும் வேலையையும் அவரிடமே விட்டுவிடுங்கள். ஒருவேளை மாட்டுவது நீங்களாகவும் இருக்கலாம், எதற்கும் உங்கள் அம்மாவுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்!

டாக்டரிடம் எப்போது போவது? இதுவரை அவன் தொடர்ந்து காய்ந்த படுக்கையில் தூங்கியதே இல்லை என்றால் அவசரம் இல்லை, பொதுவாக ஆறேழு வயதுக்கு மேல்தான் நனைந்ததும் ஒலித்து எழுப்புகிற அலாரம், மாத்திரை என்று யோசிக்கிறார்கள். ஆனால் ஆறு மாசம் சுத்தமாக நின்று மறுபடி தொடங்கினாலோ, பகலிலும் சொட்டுச் சொட்டாகப் போனாலோ, எரிச்சல், காய்ச்சல் இருந்தாலோ, வாயைத் திறந்தபடி பெரிய ஆள் மாதிரிக் குறட்டை விட்டாலோ காட்டிவிடுங்கள். தாகம் அடங்காமல் தண்ணீர் குடித்து, அடிக்கடி ஒன்றுக்குப் போய், உடம்பும் மெலிகிறான் என்றால் அன்றைக்கே போங்கள், அது சர்க்கரையாக இருக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்கு அதைத் தள்ளிப்போடக் கூடாது.

கல்யாணத்துக்குத் தாராளமாகப் போங்கள். விஷயம் உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தால் போதும், சித்திக்கும் அத்தைக்கும் சொல்ல வேண்டியதில்லை. பையில் அடியில் ரப்பர் ஷீட்டையும் இரண்டு சேலையையும் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தில் படுக்கும்போது நீங்களும் அவனும் சுவரோரம். பேண்ட் மாதிரிப் போடுகிற பெரிய சைஸ் டயப்பர் கடையில் கிடைக்கிறது, அந்த இரண்டு ராத்திரிக்கு அதைப் போடுவதில் தப்பே இல்லை. ஆனால் முன்கூட்டியே அவனிடம் காட்டி, "கல்யாண வீட்டுல இது வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டு, அவன் சரி என்றால் மட்டும். நீங்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக் காக்க வேண்டியது ராத்திரி பத்து மணிக்குப் பன்னீர் சோடாவோடு வரும் மாமாவைத்தான்.

கல்யாணம் முடிந்து நீங்கள் மேலே வரும்போது வெயில் பிடித்திருக்கும், ராத்திரிக் குளிர் கடித்தாலும் தை, மாசியில் பகல் நன்றாகக் காயும். அப்போது அந்த மெத்தையை இறக்கி, தையலைப் பிரித்து, பஞ்சை வெளியே கொட்டி இரண்டு நாள் நல்ல வெயிலில் உலர்த்துங்கள், கட்டி தட்டியது போக மிச்சம் தேறும். பையனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், பஞ்சு பறக்கும்போது அவனுக்குக் கொண்டாட்டமாக இருக்கும்.