கேள்வி – பதில்: மலையாகப் புகையும் தூபக்கால்

கேள்வி: பழைய சீனத் தூபக்கால் ஒன்றைப் படத்தில் பார்த்தேன். மூடி அச்சு அசல் மலை மாதிரி இருக்கிறது. தூபம் போட எதற்கு மலை?

பதில்: அந்த வகைக்குப் போஷான் தூபக்கால் என்று பெயர். அதில் பேர்போனது, கி.மு. 113இல் இறந்த லியூ ஷெங் என்ற ஹான் வம்ச இளவரசரின் கல்லறையில் 1968இல் கிடைத்தது. இடம் ஹெபெய் மாகாணம், மான்செங். உயரம் 26 செ.மீ.தான், ஆனால் அந்த வெண்கல மூடியில் அடுக்கடுக்காகச் சிகரங்கள், இடுக்குகளில் விலங்குகள், வேட்டைக்காரர்கள், கிண்ணம் முழுக்கச் சுழித்து ஓடும் பொன் இழை. துளைகள் சிகரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் தணல் பிடித்ததும் மலை முகட்டில் மேகம் கிளம்பும். சாகாவரம் பெற்றவர்கள் கீழைக்கடல் நடுவே மலைத்தீவுகளில் வாழ்கிறார்கள் என்று அன்று உயிராக நம்பினார்கள், அந்த மலைதான் இது.

நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதன் தொழில்நுட்பம். முன்பெல்லாம் அங்கே எரித்தது வாசனைப் புல், வேர் வகைகள். அதை அப்படியே கொளுத்திவிடலாம், தட்டையான கிண்ணம் போதும். தெற்கிலிருந்து குங்கிலியம் போன்ற பிசின்கள் வந்ததும் கதை மாறியது, ஏனென்றால் பிசினுக்கு அடியில் கரித்தணல் வேண்டும், அதே நேரம் காற்று அதிகம் போனால் சட்டென்று எரிந்து தீர்ந்துவிடும். ஆழமான கிண்ணமும், சின்னத் துளைகள் வைத்த உயரமான மூடியும் அதற்குத் தோதாக அமைந்தன.

கேள்வி: உருட்டினாலும் நெருப்பு சிந்தாத தூபப் பந்து உண்மையிலேயே இருந்ததா?

பதில்: இருந்தது. தாங் வம்சக் காலத்து வெள்ளிப் பந்து ஒன்று 1970இல் சியான் நகரில், ஹெஜியாசுன் புதையலில் கிடைத்தது. விட்டம் ஐந்து செ.மீ.கூட இல்லை. உள்ளே இரண்டு வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று, வெவ்வேறு திசையில் சுழலும்படி அச்சில் மாட்டியவை. நடுவில் குட்டிக் கிண்ணம். பந்து எப்படிப் புரண்டாலும் கிண்ணம் தன் எடையால் நிமிர்ந்தே நிற்கும். பிற்காலத்தில் கப்பல் திசைகாட்டியை ஆடாமல் நிறுத்தியதும் இதே உத்திதான்.

கேள்வி: எனக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. வாசனை மட்டும் வர வழி உண்டா?

பதில்: சோங் வம்சக் காலத்துச் சீனப் படிப்பாளிகள் செய்ததைச் செய்து பாருங்கள். தூபக்காலில் சன்னமான சாம்பலைக் கொட்டி, கனிந்த கரித்துண்டை அதற்குள் புதைத்து, சூடு மேலே வரச் சின்னத் துளை குத்தி, அதன்மேல் மெல்லிய மைக்கா தகட்டை வைத்து, தகட்டில் அகில் சீவலை இடுவார்கள். அகில் எரியாது, சூடேறி மணக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கரி கரிதான்.

கேள்வி: அடியில் மிங் பேரரசர் ஷுவாண்டே முத்திரை உள்ள தூபக்கால் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: அழகுக்காக என்றால் வாங்குங்கள். அவர் ஆண்டது 1425 முதல் 1435 வரைதான், முத்திரையையோ பின்னால் வந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் குத்திக்கொண்டே இருந்தார்கள். அதை நம்பிப் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.