கத்தோலிக்கர்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுக்கத்தான் வேண்டுமா?

கேட்டவர் பெங்களூருவில் வேலை பார்க்கிறார். கூட இருக்கும் பெந்தகோஸ்தே நண்பர்கள் மாதாமாதம் சம்பளத்தில் 10 சதவீதத்தை எடுத்து வைத்துவிடுகிறார்கள். “நீங்க உண்டியல்ல பத்து ரூபா போட்டுட்டு வந்துடுறீங்க” என்று அவரைக் கேட்கிறார்கள். நமக்கும் அது கட்டாயமா, இல்லையென்றால் பங்குக்கு, அதாவது நாம் சேர்ந்த கோயிலுக்கும் அதன் மக்களுக்கும், எப்படித்தான் உதவுவது என்பது அவர் கேள்வி.

கட்டாயம் இல்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நான் எங்கள் பங்கின் நிதிக்குழுவில் இருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு வலிக்கிற இடத்தைத் தொட்டுவிட்டது, அதனால் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

1983-ல் வந்த திருஅவைச் சட்டத் தொகுப்பில், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டநூலில், 222-ஆவது எண் என்ன சொல்கிறது என்றால், வழிபாட்டுக்கும், நற்செய்திப் பணிக்கும், ஏழைகளுக்கும், பணியாளர்களின் பிழைப்புக்கும் தேவையானதைத் தந்து உதவும் கடமை விசுவாசிகளுக்கு உண்டு. திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் மறைக்கல்வி நூல் 2043-ஆவது எண்ணில் அதையே சொல்லி, அவரவர் வசதிக்கு ஏற்ப என்று சேர்க்கிறது. சின்ன வயதில் மனப்பாடம் செய்த திருச்சபைக் கட்டளைகளில் கடைசியாக வருமே, அதுதான். சதவீதம் எங்கும் இல்லை. கடமை இருக்கிறது. நம் ஆட்கள் முதல் பாதியைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள்.

உங்கள் நண்பர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் மலாக்கி 3:10-ஐக் காட்டுவார்கள். பத்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று அங்கே இருப்பது உண்மைதானே. கூடவே இணைச்சட்டம் 14-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். மூன்றாம் ஆண்டு வருகிற பத்தில் ஒரு பங்கு ஆலயப் பணி செய்த லேவியருக்கும் அந்நியருக்கும் அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் போக வேண்டும் என்று இருக்கிறது. புதினா, சோம்பு, சீரகத்தில் கூடப் பத்தில் ஒன்றை எடுத்துவைத்து, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை ஆண்டவர் கண்டித்தது மத்தேயு 23-இல். கண்டித்துவிட்டு, அதையும் விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொன்னார். இதைச் சொன்னால் ‘பெந்தகோஸ்தே ஆகிட்டியா’ என்று சிலர் பின்னூட்டத்தில் வருவார்கள். வரட்டும். பவுல் 2 கொரிந்தியர் 9:7-இல் அவரவர் மனத்தில் முடிவு செய்தபடி கொடுக்கச் சொல்கிறார். முடிவு செய்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். காணிக்கைப் பை வரிசைக்கு வந்த பிறகு சட்டைப் பையில் சில்லறை தேடுவது முடிவு இல்லை.

ஞாயிறு பூசைகள் முடிந்ததும் சக்ரீஸ்துக்கு, அதாவது பூசை உடைகளும் பாத்திரங்களும் வைக்கும் அறைக்கு, பக்கத்து அறையில் பைகளை மேஜையில் கொட்டி எண்ணுவோம். இங்கிலீஷ் பூசைப் பையில் தாள்கள் மடிப்பு இல்லாமல் இருக்கும். பலர் வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடில் அனுப்பிவிடுகிறார்கள். காலைத் தமிழ்ப் பூசைப் பைதான் நேரம் எடுக்கும். பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்கள் நாலாக, எட்டாக மடித்து நகத்தளவுக்கு இருக்கும். வீட்டிலிருந்தே கைக்குள் பொத்திக்கொண்டு வந்தது, வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து, நீவி, அடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழிந்துவிடும். அப்பார்ட்மென்ட்களில் ஹவுஸ்கீப்பிங் செய்பவர்கள், பூக்கட்டுபவர்கள், பெயின்ட் அடிப்பவர்கள் போட்ட பணம் அது. அதைப் பிரித்து எண்ணிய கையால் எழுதுகிறேன், கத்தோலிக்கர்கள் கொடுப்பதில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

2024 கோடையில் பெங்களூரு தண்ணீருக்குத் தவித்தது ஞாபகம் இருக்கும். எங்கள் பங்கின் போர்வெல்லும் வற்றிவிட்டது. கோயில், பங்கு இல்லம், மறைக்கல்வி வகுப்புகளுக்கு வரும் பிள்ளைகளுக்கான கழிப்பறை, எல்லாவற்றுக்கும் டேங்கர் தண்ணீர். கரண்ட் பில்லும், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையின் சம்பளமும், கூட்டிப் பெருக்கும் அம்மாவின் சம்பளமும் எப்போதும் போல இருக்கத்தான் செய்தன. வங்கியில் திருவிழாக் கணக்கில் பணம் இருந்தது. தேர் ஜோடனைக்கும் சீரியல் செட்டுக்கும் என்று சொல்லிக் கொடுத்த பணம். குறிப்பிட்ட காரியத்துக்கென்று கொடுத்ததை அதற்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்று அதே திருஅவைச் சட்டம், எண் 1267. தொட முடியாது. தேருக்கு ஆயிரக்கணக்கில் எழுதுகிற நல்ல மனிதர்கள் யாரும் கழிப்பறைத் தண்ணீருக்கு எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அவர்களிடம் யாரும் கேட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை? கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். முன்பு ஒரு பொதுக்கூட்டத்தில் வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமே என்று நான் சொன்னபோது, ஒரு பெரிய மனிதர் எழுந்து “சாமியாரையே கணக்குக் கேக்குறியா?” என்று என்னை உட்கார வைத்தார். அன்றைய பங்குத்தந்தையும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் எனக்கு ஆறவில்லை. ஃபாதர் திருடுவார் என்று நான் சொல்லவே இல்லையே. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது எண் 537. விசுவாசிகள் தந்த பணத்துக்கு விசுவாசிகளிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பது எண் 1287. திருச்சபை தானே எழுதி வைத்திருப்பதைக் கேட்பது எப்படி அவமரியாதை ஆகும்?

இப்போதுள்ள ஃபாதர் அந்தக் கோடையில் பிரசங்க நேரத்தில் ஒரு தாளை எடுத்து, டேங்கர் செலவு இவ்வளவு, உண்டியல் வரவு இவ்வளவு என்று ஒவ்வொன்றாக வாசித்தார். தாளைப் போர்டிலும் ஒட்டினார். மாதாமாதம் இவ்வளவு என்று முடிவு செய்பவர்கள் பெயர் கொடுக்கலாம், முடியாதவர்கள் சங்கடப்பட வேண்டாம் என்றார். நோட்டுப் புத்தகத்தோடு நான் வாசலில் உட்கார்ந்தேன். எங்கள் அன்பியத்துக்கு, அதாவது அக்கம்பக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் குழுவுக்கு, வருகிற ஓர் அம்மா, வயது அறுபதைத் தாண்டியிருக்கும், ஓர் ஆபீஸில் மாப் போடுகிறவர், வரிசையில் வந்து நின்றார்.

“தம்பி, எம் பேர்ல மாசம் நூறு ரூவா எழுதிக்கோ. அஞ்சாந்தேதி சம்பளம். ஆறாந்தேதி கொண்டாந்து குடுத்துருவேன்.”

“உங்களுக்கு மருந்துச் செலவு இருக்கேம்மா, வேணாம்” என்றேன்.

“ஏன், நான் இந்தக் கோயில் ஆளு இல்லியா?” என்று கேட்டார். முகம் சிவந்துவிட்டது. மறுபேச்சு இல்லாமல் எழுதினேன்.

ஏழையிடம் பிடுங்கும் சபை என்று யாராவது இதைத் திருப்பிவிடுவார்கள், தெரியும். நாங்கள் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. சந்தா கட்டவில்லை என்பதற்காக ஞானஸ்நானமோ அடக்கமோ மறுக்கக் கூடாது. ஏழ்மையின் காரணமாக யாருக்கும் ஞானஸ்நானம் போன்ற அருட்சாதனம் கிடைக்காமல் போகக் கூடாது என்று எண் 848 சொல்கிறது, அடக்கத்துக்கும் அப்படியே எண் 1181 சொல்கிறது. உங்கள் பங்கில் ‘சந்தா பாக்கி’ என்று சொல்லிச் சர்டிபிகேட்டை நிறுத்தினால் தைரியமாக இதைச் சொல்லிக் கேளுங்கள்.

சின்னத் தொகை என்ன செய்யும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. பிரான்ஸில் லியோன் நகரத்தில் பவுலின் ஜாரிகோ என்ற இளம்பெண், பட்டு ஆலைத் தொழிலாளிகளைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, வாரம் ஒரு சூ, அதாவது மிகச் சிறிய காசு, போடச் சொன்னார். அதிலிருந்து 1822-ல் விசுவாசப் பரப்புதல் சங்கம் பிறந்து, உலகம் முழுக்க மறைப்பணித் தளங்களைத் தாங்கியது. நம் பெங்களூருவில் பழைய கோயில்கள் பலவற்றை எழுப்பியவர்களும் பிரான்ஸிலிருந்து வந்த பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள்தான். அந்தப் பெண்ணுக்கு 2022-ல், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான, அருளாளர் பட்டம் கொடுத்தார்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. இவ்வளவு கொடுக்கிற தமிழ்ப் பூசை மக்களுக்கு எத்தனையோ இடங்களில் விடியற்காலை நேரம்தான். என் அம்மாவுக்கு மூட்டுவலி, மார்கழிக் குளிரில் ஆறு மணிக்கு எப்படிப் போவார்? இதை மொழிச் சண்டையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கன்னடத்தின் மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. இது கன்னட மண், என் பிள்ளைகள் என்னைவிட நன்றாகக் கன்னடம் எழுதுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது நேரத்தை மாற்றிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம்.

சரி, உங்கள் விஷயம். நீங்கள் ஐடி என்று நினைக்கிறேன். வாடகை, இஎம்ஐ, ஊரில் அப்பா அம்மாவுக்கு அனுப்புவது, தங்கை கல்யாணம் என்று இருக்கும். பெற்றோருக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டுக் கோயிலுக்குக் கொடுக்காதீர்கள். அதை நான் ஏற்க மாட்டேன். சம்பளம் வந்த அன்றே, மற்ற செலவுக்கு முன்னால், ஒரு சதவீதமோ இரண்டோ தனியாக எடுத்து வையுங்கள். அதில் பெரும்பகுதி நீங்கள் ஞாயிறு பூசைக்குப் போகும் பங்குக்கு, மீதி அங்குள்ள, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்கு. ஊர்க் கோயில் தேருக்கு அனுப்புவது இதில் சேராது, அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பூசைக் கருத்துக்கு, அதாவது ஒரு வேண்டுதலுக்காகப் பூசை வைக்கச் சொல்லி, தரும் காணிக்கையும் சேராது. அது பங்குச் செலவுக்குப் போவதல்ல, பூசை வைக்கும் குருவுக்கு உரியது. ஒரு நாளில் எத்தனை பூசை வைத்தாலும், கிறிஸ்மஸ் தவிர, ஒன்றுக்கான காணிக்கையை மட்டுமே அவர் வைத்துக்கொள்ளலாம்.

பங்கில் இன்னும் பெயர் பதியவில்லை என்றால் முதலில் பங்கு அலுவலகத்தில் குடும்ப அட்டை போடுங்கள், தனி ஆளாக இருந்தாலும் போடுவார்கள். கொடுப்பதற்கு ரசீது கேளுங்கள். ஆண்டுக் கணக்கு எப்போது வாசிப்பார்கள் என்று கேளுங்கள், அந்தக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். கணக்குக் காட்டவே மாட்டோம் என்றால் அதற்காகக் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், கேட்பதையும் நிறுத்தாதீர்கள். அப்புறம், எண்ணுவதற்கு எங்களைப் போன்றவர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாது. ஞாயிறு பூசை முடிந்ததும் அரைமணி நேரம் இருக்க முடியுமா என்று பாருங்கள்.