ஏஞ்சல் மீனின் துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப்

உங்கள் தொட்டியில் உள்ள மூன்று டைகர் பார்ப்கள் (சிறிய வரிமீன்கள்) ஏஞ்சல் மீனின் துடுப்பைக் கடிக்கின்றன, தீனி குறைவுதான் காரணமோ என்று கேட்டிருந்தீர்கள். ஏஞ்சல் மீனை இன்றே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்; அந்த மூன்று டைகர் பார்ப்களோடு அது இருக்கும்வரை எந்த மருந்து இட்டாலும் துடுப்பு வளராது.

தீனி குறைவு என்று நீங்கள் கருதுவது காரணமாக இருக்காது. கூட்டமாக வாழும் டைகர் பார்ப்கள் தமக்குள் துரத்தியும் கொத்தியும் தரவரிசையை முடிவுசெய்பவை. மூன்றே இருக்கும்போது அந்த வேகம் முழுவதும், மெதுவாக நீந்தும் நீளத் துடுப்புக்காரர்மீது திரும்பிவிடுகிறது. உங்கள் 3 அடித் தொட்டியில் டைகர் பார்ப்களை எட்டுக்குக் குறையாமல் வளர்ப்பதே அவற்றுக்கும் நியாயம். புதியவற்றை விடுமுன், மீன் கழிவால் நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக உள்ளனவா என்று சோதியுங்கள்.

துடுப்பின் ஓரத்தையும் உற்றுப் பாருங்கள்: துண்டாக வெட்டியதுபோல் இருந்தால் கடி, வெளுத்து நைந்திருந்தால் துடுப்பழுகல் நோயும் சேர்ந்திருக்கலாம், அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும்.

கூட்டம் பெருகிய பிறகும் ஏஞ்சலைத் திரும்ப விடாதீர்கள். கடிப்பது குறையுமே தவிர, நிற்கும் என்று உறுதி கூற இயலாது.