கப்டன் ஏன் தனியே வெளியே போகிறார்?

கேள்வி: இரண்டு வருடமாக விஞ்ஞானக் கதைகள் எழுதிப் பார்க்கிறேன். கடைசிக் கதையில் விண்கலத்தில் ஒட்சிசன் கசிகிறது. கப்டன் ஆதவன் யார் பேச்சையும் கேளாமல் தனியே வெளியே பாய்ந்து, இறுகிப்போன திருகாணியைத் தன் பலத்தால் கழற்றி எல்லோரையும் காப்பாற்றுகிறான். வாசித்த தோழி, "இவன் ஆம்பிளையா, இரும்புப் பெட்டியா?" என்றாள். இன்னொருவர், "பெண் எழுதினால் ஆண் இப்படித்தான் வருவான்" என்றார். கடைசிப் பக்கத்தில் அவனை அழவைத்தால் சரியாகுமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: அழவைக்க வேண்டாம். பன்னிரண்டு பக்கம் இரும்பாக நின்றவன் பதின்மூன்றாம் பக்கத்தில் கண்ணைத் துடைத்தால், கதாசிரியர் வந்து துளி மருந்து விட்டுப் போனது போலத்தான் இருக்கும். உங்கள் கதையின் பழுது அந்தத் திருகாணியில் இருக்கிறது.

உடம்பு மிதக்கும் இடத்தில் புஜபலம் உதவாது. ஸ்பனரை வலப்பக்கம் திருகினால் ஆதவன் இடப்பக்கம் சுழலுவான். கால்களைக் கலத்தின் வெளிப்புறத்தில் பூட்டிக்கொண்டால்தான் திருகாணி அசையும். விண்வெளி உடையின் உள்ளழுத்தம், நாம் இங்கே சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. வெளியே வெற்றிடம் என்பதால் அந்த அளவுக்கே கையுறை ஊதிய பலூன் போல விறைத்து நிற்கும். ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் அதனோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆறேழு மணி நேரம் இப்படி வேலை செய்தவர்களுக்கு நகம் கழன்றதும் உண்டு. அதோடு, வெளியே போகுமுன் தூய ஒட்சிசனைச் சுவாசித்து இரத்தத்திலுள்ள நைதரசனைக் குறைக்க வேண்டும். நினைத்தவுடன் பாய்ந்தால், உடையின் குறைந்த அழுத்தத்தில் அந்த நைதரசன் குமிழிகளாகி, மூட்டு வலியில் சுருண்டுபோவான்.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இதனால்தான் இருவராக வெளியே போகிறார்கள். உள்ளேயிருந்தோ தரையிலிருந்தோ ஒருவர் படிமுறைகளை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்கிறார். ஆதவனும் அப்படிப் போகட்டும். "கொஞ்சம் பிடி", "திரும்பச் சொல்லு" என்று அவன் கேட்க வேண்டிவரும். அங்கேயே பாதி இரும்பு கரைந்துவிடும்.

மீதிப் பாதி நீங்கள் கட்டிய உலகத்தில் இருக்கிறது. கலத்தில் ஒரே ஒரு உடை ஏன்? வால்வை உள்ளேயிருந்து மூட வழி ஏன் இல்லை? இந்தக் குறைகளை வைத்தது கதாசிரியர்தானே. 1954இல் ரொம் கொட்வின் எழுதிய 'த கோல்ட் ஈக்குவேஷன்ஸ்' இதற்குப் பேர்போன உதாரணம். மருந்து கொண்டுபோகும் சிறு கலத்தில் 18 வயதுப் பெண் ஒருத்தி ஒளிந்து ஏறிவிடுகிறாள். எரிபொருள் கணக்கில் அவளது எடைக்கு இடமில்லை, விமானி அவளை வெளியே அனுப்ப வேண்டியவனாகிறான். பெளதிக விதியின் கொடூரம் என்று இதைக் கொண்டாடியவர்கள் பலர். ஆனால் கொட்வின் அவளைக் காப்பாற்றவே வழி தேடினார். பத்திரிகை ஆசிரியர் ஜோன் கெம்ப்பெல்தான் கதையைத் திரும்பத் திரும்ப அனுப்பி அவளைச் சாகவைத்தார். உயிர்காக்கப் போகும் கலத்துக்கு மிச்சம் மீதி எரிபொருள் கிடையாது, ஏறுமுன் ஒருவரும் உள்ளே எட்டிப் பார்ப்பதும் இல்லை! அது மோசமான பொறியியல். அந்த ஓட்டைகளை அடைத்துவிட்டால் விமானி கல்நெஞ்சனாக வேண்டிய தேவையே இராது.

மறுபக்கத்துக்கு உதாரணம் நம் ஊரிலேயே எழுதப்பட்டது. 1956இல் இலங்கையில் குடியேறி, பிற்காலத்தில் கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேசில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' (1979). பூமியிலிருந்து விண்ணுக்கு உயர்த்தி கட்டும் பொறியியலாளர் வன்னேவர் மோர்கன்தான் நாயகன். உயர்த்திக்குப் பூமத்திய ரேகை வேண்டுமே என்று கிளார்க் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தியிருப்பார், அது வேறு கதை. மோர்கனுக்கு இதய நோய். மார்பில் கட்டிய கண்காணிப்புக் கருவி எச்சரிக்க எச்சரிக்க, மேலே சிக்கியவர்களைக் காப்பாற்றப் போகிறார். அவர் துணிவுக்கு ஓர் அளவு இருக்கிறது, அந்த அளவை வாசகரும் கருவியில் பார்த்துக்கொண்டே வருகிறார். பெருமைக்காகப் போகிறாரா, கடமைக்காகவா என்ற ஐயமும் விலகுவதில்லை. உங்கள் ஆதவனுக்கும் அப்படி ஓர் அளவுமானி முள் வேண்டும்: மீதி ஒட்சிசனோ, விறைத்துப்போன விரலோ, எதுவானாலும் எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும்.

ஆதவன் கொட்டாஞ்சேனைப் பிள்ளை என்று முதல் பந்தியில் எழுதியிருக்கிறீர்கள். பிறகு அதை மறந்துவிட்டீர்கள். யுத்தகாலக் கொழும்பில் வளர்ந்த தமிழ்ப் பையனுக்குச் சோதனைச் சாவடியில் நெஞ்சை நிமிர்த்துவதால் ஒன்றும் ஆகாது என்று தெரியும். அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்திருப்பான், கேட்டதற்கு மட்டும் சிங்களத்தில் தணிந்து பதில் சொல்வான், பின்னால் நிற்கும் தங்கச்சியைக் கண்ணாலேயே அமர்த்துவான். எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும், அதுதான் அவனுக்குத் தெரிந்த ஆண்மை. அப்படிப்பட்டவனின் பேரன் கப்டனானால், கசிவு என்றதும் கத்துவானா? முதலில் ஆட்களை எண்ணுவான்.

இனித் திருத்தும் வேலை. கதையை அச்செடுத்து, ஆதவனின் வினைச்சொற்களின் கீழ் சிவப்புக் கோடும் மற்றவர்களுடையவற்றின் கீழ் நீலக் கோடும் போடுங்கள். நீலத்தில் "பார்த்தாள், பயந்தாள், அழுதாள்" மட்டும் இருந்தால், அவனது வீரம் மற்றவர்களின் கைகளைக் கட்டிவிட்டு வந்தது. பிறகு அவன் பேசும் வரிகளில் கட்டளை எத்தனை, கேள்வி எத்தனை என்று எண்ணுங்கள். கேள்வியே இல்லையென்றால் இரண்டையாவது சேர்க்கலாம், விடை தெரியாமல் கேட்பவையாக. கடைசியாகப் பெயர்களை மாற்றிப் போட்டு வாசியுங்கள். 'ஏலியன்' (1979) படத்தின் ஆரம்பத் திரைக்கதையில், எந்தப் பாத்திரத்தையும் ஆணோ பெண்ணோ நடிக்கலாம் என்றே குறிப்பு இருந்தது. மாற்றிய பின் உளறலாகத் தோன்றும் வரி எதுவோ, அங்கே நீங்கள் ஆளை விட்டுவிட்டு வார்ப்பை எழுதியிருக்கிறீர்கள்.

"பெண் எழுதினால் இப்படித்தான்" என்ற அந்த மற்ற நண்பருக்கு: ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் வந்த கதைகளைப் படித்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ரொபர்ட் சில்வர்பேர்க், இந்த எழுத்தில் ஆணின் கை அப்பட்டமாகத் தெரிகிறது என்று 1975இல் முன்னுரையே எழுதினார். அந்த டிப்ட்ரீ, அலிஸ் ஷெல்டன் என்ற பெண்மணி என்று சில வருடங்களுக்குள் தெரியவந்தது. சில்வர்பேர்க் தன் தவறை ஒப்புக்கொண்டார்.

திருத்தும்போது, படிமுறைகளை வாசித்துச் சொல்லும் வேலையை உங்கள் டொக்டர் பாத்திரத்திடம் கொடுங்கள். இப்போது அவர் மூன்று பக்கமாகக் கதவோரத்தில் சும்மா நிற்கிறார்.