மாலையைக் கழற்றிய பிறகு யார் துணை?

கேள்வி: எனக்கு 43 வயது. சொந்தத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். மூன்று வருடம் ஐயப்பனுக்கு மாலை போட்டேன். விரத நாட்களில் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றே மறுபடியும் கடை வாசலில் நின்றேன். பிறகு மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை எடுத்து, இப்போது ஐந்து மாதமாகக் குடிக்கவில்லை. ஆனால் எனக்கிருந்த நண்பர்கள் எல்லோரும் குடியால் சேர்ந்தவர்கள். பொழுது சாய்ந்தால் எங்கே போவதென்றே தெரியவில்லை. மனைவி இன்னமும் என் வாயை முகர்ந்து பார்க்கிறாள். ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்று குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே கடவுளைப் பற்றிப் பேசுவார்களாம். சாமியையே ஏமாற்றியவன், எந்த முகத்தோடு போய் உட்காருவேன்?
— பெயர் வேண்டாம், பள்ளிபாளையம்

பதில்: சாமியை நீங்கள் ஏமாற்றவில்லை. 41 நாள் என்று சொன்னீர்கள், 41 நாள் இருந்தீர்கள். 42-ஆம் நாள் என்ன செய்வது என்று யாரும் உங்களிடம் பேசவில்லை. கோளாறு அங்கேதான்.

அந்த விரத நாட்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விடியுமுன் குளியல். பொழுது சாய்ந்ததும் யாராவது ஒருவர் வீட்டில் பஜனை, சரண கோஷம், பிறகு எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பாடு. ஒரு நாள் வராவிட்டால் குருசாமி ஆள் அனுப்பி விசாரிப்பார். தனியாக விடப்பட்ட சாயங்காலம் ஒன்றுகூட இருந்திருக்காது. மாலையைக் கழற்றியபோது உங்கள் பக்தி எங்கேயும் போய்விடவில்லை. அந்தக் கூட்டம் கலைந்துபோனது. உங்களுக்கு இப்போது வேண்டியது பருவம் முடிந்தாலும் கலையாத ஒரு கூட்டம்.

ஏ.ஏ. தொடங்கிய கதையே அப்படிப்பட்டதுதான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன், வந்த காரியம் தோற்றுப்போய் ஓட்டல் முன்கூடத்தில் நிற்கிறார். குடியை விட்டு, உங்களைப் போலவே, ஐந்து மாதம். ஒரு பக்கம் மதுக்கூடத்துச் சிரிப்பு, இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் ஒரு பாதிரியாரை அழைத்தார். தனக்காக ஜெபிக்கச் சொல்லவில்லை. தான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று வந்த டாக்டர் பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அறிவுரையை ஏற்கெனவே வேண்டிய அளவு கேட்டிருந்தவர் அவர். இந்த மனிதரோ தான் பட்டதைச் சொன்னார். அந்த ஜூன் 10-ஆம் தேதிதான் டாக்டர் கடைசியாகக் குடித்தது, அதையே ஏ.ஏ.யின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள்.

கடவுள் விஷயத்துக்கு வருகிறேன். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், உண்மைதான். ஆனால் ‘நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்றுதான் வருகிறார். ஐயப்பனை வைத்துக்கொள்ளலாம், அல்லாவை வைத்துக்கொள்ளலாம். எந்தச் சாமியும் வேண்டாம் என்பவர்கள் அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். கூட்டம் சில ஊர்களில் தேவாலய அறையில் நடக்கும். அதைப் பார்த்து மதம் மாற்றுகிறார்களோ என்று மிரள வேண்டாம். கட்டணம் கிடையாது. பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார்கள். முதல் நாள் நீங்கள் வாயே திறக்காமல் டீயைக் குடித்துவிட்டு வரலாம். எந்த முகத்தோடு என்று கேட்டீர்களே, அங்கே இருப்பவர்களில் பலர் செய்த சத்தியத்தை மீறிவிட்டு வந்தவர்கள்தான்.

நாலைந்து கூட்டம் போன பிறகு ஒருவரைத் துணையாகப் பிடியுங்கள். ஸ்பான்சர் என்பார்கள். நன்றாகப் பேசுகிறவரைத் தேடாதீர்கள். மேடைப் பேச்சு வேறு, இது வேறு. பல வருடமாகக் குடிக்காமல் இருப்பவராக, முன்னதாகவே வந்து நாற்காலி எடுத்துப் போடுகிறவராகப் பாருங்கள். கை நடுங்கும் வேளையில் போன் செய்தால் எடுப்பாரா என்று கேட்டே விடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கே வயிறாரச் சாப்பிடுங்கள். வெறும் வயிறும் கோபமும் தனிமையும் சேரும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய நண்பர்களில் யாராவது பகலில் உங்களோடு டீ குடிக்க மட்டும் வந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் மாலை போட்டோ, கோயிலில் கயிறு கட்டியோ ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பும் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவரைப் பாருங்கள், கயிற்றைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். மனம் தத்தளித்தால் அரசின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மனைவி முகர்ந்து பார்ப்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இது பல வருடப் பழக்கம், உங்கள் ஐந்து மாதத்தில் போய்விடாது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் குழுக்கள் இருக்கின்றன. பில்லின் மனைவி லோயிஸ் முன்நின்று 1951-இல் தொடங்கியது. விவரம் ஏ.ஏ. கூட்டத்திலேயே கிடைக்கும். உங்கள் மனைவியைப் போகச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லுங்கள். அதுவரை முகர்ந்து பார்த்தால் பார்க்கட்டும், வாயைக் காட்டுங்கள்.