மாதிரி இன்ஜின் செய்ய எவ்வளவு துல்லியமான லேத் வேண்டும்?

கேள்வி இது: வீட்டிலேயே ஒரு சிறிய லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மெஷின்) வைத்துக்கொண்டு, காற்றிலோ நீராவியிலோ ஓடும் மாதிரி இன்ஜின் ஒன்றைச் செய்ய ஆசை; சிலிண்டரும் பிஸ்டனும் கசியாமல் பொருந்த வேண்டுமானால் எவ்வளவு விலையுள்ள மெஷின் வாங்க வேண்டும்?

காட்பாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், முன்பு மாட்டுக்கொட்டகையாக இருந்த இடத்தில் என் லேத் நிற்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்புகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) ரோலரும் புஷ்ஷும் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பட்டறையை மூடியபோது வாங்கிய நாலரை அடி லேத் அது. ஜாப்பை, அதாவது கடையும் துண்டை, பிடித்துச் சுழற்றும் சக்கை ஒட்டி ஒரு முழ நீளத்துக்கு அதன் பெட், அதாவது வெட்டும் டூல் நகரும் அடித்தளம், தேய்ந்திருக்கிறது. டூலைக் குறுக்காக நகர்த்தும் க்ராஸ் ஸ்லைடின் கைப்பிடியைத் திசை மாற்றித் திருப்பினால் கால் சுற்று வரை டூல் அசையவே அசையாது. அந்த மெஷினில் இதுவரை நான்கு இன்ஜின்கள் செய்திருக்கிறேன், அவற்றில் மூன்று ஓடுகின்றன. ஆகவே மெஷினின் விலையைப் பற்றி நீங்கள் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை என்றுதான் சொல்வேன். எந்தெந்த வேலைகளைச் சேர்த்து, ஜாப்பைச் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடிப்பில் முடிக்கிறீர்கள் என்பதில்தான் கசிவும் கசியாமையும் இருக்கின்றன. இதை நான் தெரிந்துகொண்டது ஓடாத அந்த நான்காவதில், அதாவது வரிசைப்படி என் முதல் இன்ஜினில்.

தொடங்குபவருக்கு ஏற்றது ஊசலாடும் சிலிண்டர் கொண்ட இன்ஜின். அதில் தனியாக வால்வு கிடையாது. சிலிண்டரே பிவட் பின் என்ற அச்சாணியைச் சுற்றி இடமும் வலமும் ஆடி, தன் பக்கவாட்டு முகத்தில் உள்ள துளையை ஸ்டாண்டில் உள்ள இரண்டு துளைகளுக்கு நேராக மாறி மாறிக் கொண்டுபோகிறது. ஒரு துளையில் காற்று உள்ளே வருகிறது, மற்றொன்றில் வெளியேறுகிறது. சிலிண்டரின் முகமும் ஸ்டாண்டின் முகமும் ஒன்றோடொன்று ஒட்டி உராய, பின்னால் ஒரு சிறு ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிறது. நான் செய்ததற்கு உள்விட்டம் 16 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 20 மில்லிமீட்டர். தோல் ஷாப்பின் பழைய கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) புஷ் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி, அதிலிருந்து சிலிண்டரை அறுத்து எடுத்தேன்.

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குச் செலவழித்து, சித்தூர் போகும் சாலையோரத்துப் பஞ்சர் கடையில் 30 பவுண்டு காற்று கொடுத்துப் பார்த்தபோது, ஃப்ளைவீல் அரைச் சுற்று போய் நின்றது. காற்று முழுவதும் புஸ்ஸென்று எங்கோ போய்க்கொண்டிருந்தது. பிஸ்டன்தான் தளர்வு என்று நினைத்து அடுத்தடுத்து மூன்று பிஸ்டன்கள் கடைந்தேன், பலனில்லை. பிறகு வீட்டில் இருந்த கண்மையை எடுத்து ஸ்டாண்டின் முகத்தில் மெல்லியதாகப் பூசி, சிலிண்டரைப் பொருத்தி நான்கு முறை ஆட்டிவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். சிலிண்டர் முகத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் நகத்தளவு அகலத்துக்குக் கறுப்புக் கோடு ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் கடைந்தபோது இருந்த பளபளப்பு மாறவில்லை. பிவட் பின்னுக்கான துளையைத் தனியாக டிரில்லிங் மெஷினில் போட்டிருந்ததால் அது சாய்ந்துவிட்டது. ஒரு டிகிரி சாய்ந்தால்கூட, 16 மில்லிமீட்டர் அகலமுள்ள முகத்தின் மறு ஓரத்தில் கால் மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழும். அந்த இடைவெளியை எந்த ஸ்பிரிங்கும் மூடாது, மூன்று பிஸ்டன் அல்ல முப்பது பிஸ்டன் செய்தாலும் மூடாது. லேத்தை எனக்கு விற்ற மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்காமல், "கழட்டி மாட்டினியா தம்பி? அப்புறம் எப்படி நேரா வரும்?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்தார்.

இரண்டாவது இன்ஜினில் வேலையின் வரிசையை மாற்றினேன். சதுரமாக அறுத்த துண்டை, நான்கு தாடைகளும் தனித்தனியாக நகரும் ஃபோர் ஜா சக்கில், முகம் வெளியே பார்க்கும்படி பிடித்து, பிவட் வர வேண்டிய புள்ளியை மையத்துக்குக் கொண்டுவந்து, முகத்தை ஃபேசிங் செய்த (தட்டையாகக் கடைந்த) கையோடு, சக்கைத் தொடாமல், சக்குக்கு எதிரே உள்ள டெயில் ஸ்டாக்கிலிருந்தே பிவட் துளையையும் போட்டு முடித்தேன். இப்படிச் செய்தால் துளை முகத்துக்குச் செங்குத்தாக இருப்பதற்கு லேத்தின் சுழற்சியே பொறுப்பேற்றுக்கொள்கிறது. பெட் தேய்ந்திருந்தாலும் இவ்வளவு சிறிய ஆழத்தில் அது தெரியாது. ஸ்டாண்டையும் அதே முறையில் செய்ய வேண்டும். கடைசியாக, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 600ஆம் எண் வாட்டர் பேப்பரை விரித்து, லைசென்சுக்கு எட்டுப் போடுவதைப் போல முகத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவிவிட வேண்டும். அரைக்கும் துகள்கள் கலந்த வால்வு கிரைண்டிங் பேஸ்டைக் கன்மெட்டலிலோ பித்தளையிலோ பூசாதீர்கள். மென்மையான உலோகத்தில் அந்தத் துகள்கள் புதைந்து நின்றுவிடும். பிறகு இன்ஜின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அது தன்னைத் தானே அரைத்துக்கொண்டிருக்கும்.

துளைகளின் இடத்தைக் கண்ணளவில் குறிக்காமல் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது, கணக்கும் எளிதுதான். பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கின் ஆரம் ஸ்ட்ரோக்கில் பாதி, அதாவது 10 மில்லிமீட்டர். பிவட்டிலிருந்து கிராங்க் மையம் வரை என் இன்ஜினில் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் கம்பி கிராங்க் வட்டத்துக்குத் தொடுகோடாக வரும்போது சிலிண்டர் அதிகபட்சமாகச் சாய்கிறது. அந்தக் கோணத்தின் சைன் 10/50, அதாவது 0.2. பிவட்டிலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் சிலிண்டர் துளை அப்போது பக்கவாட்டில் 15 × 0.2 = 3 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே ஸ்டாண்டின் இரு துளைகளும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 3 மில்லிமீட்டரில் அமைய வேண்டும். மூன்று துளைகளையும் 3.5 மில்லிமீட்டர் டிரில்லில் போட்டால், சிலிண்டர் நேராக நிற்கும் கணத்தில் நடுவில் வரும் சிலிண்டரின் துளை இரண்டு பக்கமும் திறந்து, வந்த காற்று வேலை செய்யாமலே வெளியே போய்விடும். 3 மில்லிமீட்டர் என்றால் விளிம்போடு விளிம்பு தொடும். 2.5 போட்டால் இருபுறமும் அரை மில்லிமீட்டர் தடுப்பு கிடைக்கும். நான் அதையே போடுகிறேன். பிவட்டுக்கு ஒரு துளையும் அதிலிருந்து 15 மில்லிமீட்டரில் ஒரு துளையுமாக ஒரு சிறு தகட்டில் ஜிக் (டிரில்லுக்கு வழிகாட்டும் அச்சு) செய்து, அதைச் சாய்த்து வைத்துத் துளையிட்டால் வளைவின் உயர வேறுபாடும் தானாகச் சரியாகிவிடும்.

சிலிண்டரின் உட்புறத்துக்கு வருகிறேன். டிரில் போட்டு உடனே, துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமரை விடுவது பலரும் செய்யும் தவறு. டிரில் வழி மாறிப் போயிருந்தால் ரீமரும் அதே கோணல் வழியில்தான் போகும், திருத்தாது. இடையில், துளையின் உட்புறத்தைக் கடையும் போரிங் டூலால் 15.8 அல்லது 15.9 வரை கடைந்து வழியை நேராக்கிவிட்டு, பிறகு 16 மில்லிமீட்டர் ரீமரை மெதுவான வேகத்தில் விட வேண்டும். அந்த டூலைத் தாங்கும் போரிங் பாரை எவ்வளவு குட்டையாகப் பிடிக்க முடியுமோ அவ்வளவு குட்டையாகப் பிடியுங்கள்: வெளியே நீட்டிய நீளம் இரு மடங்கானால் அதே விசையில் அதன் வளைவு எட்டு மடங்காகும். முடிவில் டூலை முன்னே தள்ளாமல் அதே அளவில் இரண்டு மூன்று முறை வெறுமனே ஓட்டினால், பார் வளைந்ததால் மீந்துபோன உலோகம் பொடியாகக் கொட்டுவதைக் காணலாம். இதே பிடிப்பில் சிலிண்டரின் ஒரு முனையையும் ஃபேசிங் செய்துவிட வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. அளவீட்டுக்கு உலக வழக்கில் வைத்திருக்கும் வெப்பநிலை 20 டிகிரி. வேலூரில் அதை மார்கழி விடியற்காலையில் பார்க்கலாம். அக்கினி நட்சத்திரத்தில் தகரக் கூரையின் கீழே நிற்கும்போது நூறில் ஒரு மில்லிமீட்டரைப் பற்றிப் பேசுவது கேலியாகத் தோன்றும். ஆனால் சிலிண்டர், பிஸ்டன், மைக்ரோமீட்டர் மூன்றும் ஒரே சூட்டில் இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. கெடுப்பது, கடைந்த சூட்டோடு அளப்பதுதான்: 25 மில்லிமீட்டர் அலுமினியத் துண்டு 30 டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தால் ஏறத்தாழ 17 மைக்ரான் (0.017 மில்லிமீட்டர்) பெரிதாகக் காட்டும், ஆறியதும் பிஸ்டன் தொளதொளக்கும். நான் கடைசி வெட்டுக்கு முன்னால் லேத்தை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவேன்.

வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக. பழைய லேத் போதும். சக்கில் ஒரு கம்பியைப் பிடித்து மேலும் கீழும் நெம்பும்போது நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜின் முள் கணிசமாக ஆடினால் மட்டும் விட்டுவிடுங்கள், சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங் போயிருக்கும். திரீ ஜா சக் மையம் விட்டுச் சிறிது ஓடினால் பரவாயில்லை, ஃபோர் ஜா சக் கட்டாயம் வேண்டும். மிச்சப் பணத்தில் நல்ல மைக்ரோமீட்டர் வாங்குங்கள். பாய்லரை இப்போதைக்குத் தொடாதீர்கள், காற்றிலேயே ஓட்டிப் பழகுங்கள். லுங்கியோடு லேத் அருகே நிற்காதீர்கள்.

பிஸ்டனை எப்போதும் கடைசியாகச் செய்யுங்கள். வரைபடத்தில் 16 என்று போட்டிருந்தாலும், உங்கள் சிலிண்டர் 16.03 ஆக வந்திருந்தால் அதற்கேற்ற பிஸ்டனைக் கடைந்துகொள்ளலாம். பெரிதாகிவிட்ட சிலிண்டரைச் சிறிதாக்க வழியில்லை. பித்தளைத் துண்டை அரை மில்லிமீட்டர் பெரிதாகவே விட்டு, கம்பியில் மரை போட்டு இறுக்கி, பிறகு கம்பியைச் சக்கில் நேராக ஓடும்படி பிடித்து வெளிப்புறத்தைக் கடைய வேண்டும். அப்போதுதான் கம்பியும் பிஸ்டனும் ஒரே மையத்தில் இருக்கும். எண்ணெய் நிற்க இரண்டு மெல்லிய பள்ளங்கள் போட்டுவிட்டு, ஜாப்பைச் சக்கிலேயே வைத்துக்கொண்டு, சிலிண்டரைக் கொண்டுவந்து அதன்மேல் நுழைத்து நுழைத்துப் பாருங்கள். நுழையும் நிலை வந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கழற்றி, சிலிண்டரின் அடிவாயையும் பக்கத் துளையையும் விரல்களால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை மேலிருந்து விடுங்கள். அது காற்றின் மேல் உட்கார்ந்ததைப் போல மெதுவாக இறங்க வேண்டும். அடிவாய் விரலை எடுத்த உடனே தடையில்லாமல் நழுவி உள்ளங்கையில் விழ வேண்டும். அப்படி விழுந்துவிட்டால், அதற்குமேல் எமரித் தாளை அந்த பிஸ்டன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.